வலி தணிக்கும் கதிரும் மருந்தும்

புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்த இடத்தில்தான் தணிப்புச் சிகிச்சை தொடங்குகிறது என்ற எண்ணம் நோயாளிகளின் குடும்பங்களில் மட்டுமின்றி மருத்துவர்கள் பலரிடமும் வேரூன்றியிருக்கிறது. கதிர்வீச்சும் கீமோதெரபியும் அறுவையும் நோயை ஒழிக்க முயலும் கட்டத்துக்கு உரியவை என்றும், அந்த முயற்சி கைவிடப்பட்ட பின் மிஞ்சுவது மார்பினும் ஆறுதல் மொழியும் மட்டுமே என்றும் இந்த எண்ணம் நோயாளியின் காலத்தை இரண்டு துண்டாக்கிவிடுகிறது. உண்மையில், கதிர்வீச்சுப் பிரிவுகளில் நாள்தோறும் தரப்படும் சிகிச்சையில் கணிசமான பகுதி குணமாக்கும் நோக்கம் அறவே இல்லாமல் தரப்படுவது. எலும்பு வலி, இரத்தக் கசிவு, மூச்சுத்திணறல், விழுங்க முடியாமை போன்ற துன்பங்களைக் குறைப்பது மட்டுமே அதன் இலக்கு. உலக சுகாதார அமைப்பு 2002-இல் வெளியிட்ட வரையறையும் தணிப்புச் சிகிச்சையை நோயின் தொடக்கத்திலிருந்தே, ஆயுளை நீட்டிக்கும் கீமோதெரபி, கதிர்வீச்சு போன்றவற்றோடு சேர்த்தே வழங்கலாம் என்கிறது. வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்ற பெயரில் நம் மருத்துவமனைகளில் இயங்கும் பிரிவுகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே ஒரு சிகிச்சை தணிப்பைச் சேர்ந்ததா இல்லையா என்பதை மருந்தின் பெயரோ கருவியின் வகையோ தீர்மானிப்பதில்லை. அதன் வெற்றி எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. கட்டி எவ்வளவு சுருங்கியது, நோயாளி எத்தனை ஆண்டு உயிரோடிருந்தார் என்பவை குணமாக்கும் சிகிச்சையின் அளவுகள். வலி எவ்வளவு குறைந்தது, அக்குறைவு எத்தனை நாளில் கிட்டியது, அதற்காக நோயாளி எத்தனை நாளை மருத்துவமனையில் செலவிட நேர்ந்தது, பக்கவிளைவு எவ்வளவு என்பவை தணிப்பின் அளவுகள். ஆயுள் சில மாதங்களே என்னும்போது நாட்களும் மருந்தின் விலையைப் போலவே கணக்கில் சேர வேண்டிய செலவாகிவிடுகின்றன.

இந்த நோக்கம் புதிதன்று. கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், அறுவைக்கு எட்டாத நிலைக்குப் போய்விட்ட மார்பகப் புற்றுநோயில் சினைப்பைகளை அகற்றினால் கட்டி சுருங்கக்கூடும் என்பதை 1896-இல் அறிவித்தார். விரைகளை அகற்றியோ பெண்பால் இயக்குநீரைக் கொடுத்தோ ஆண்பால் இயக்குநீரின் செயலைத் தடுத்தால், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் கடும் வலி விரைவில் தணிவதைச் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். இருவரும் நோயை வேரறுத்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இன்றும் பல புற்றுநோய் ஆய்வுகளில் எடுத்தாளப்படும் கர்னோஃப்ஸ்கி அளவுகோலும் தணிப்பு முயற்சி ஒன்றிலிருந்து பிறந்ததே. போரில் பயன்பட்ட நச்சு வாயுவின் வழிவந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்ற மருந்தை, பெரும்பாலும் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குத் தணிப்புக்காகவே கொடுத்துப் பார்த்த டேவிட் கர்னோஃப்ஸ்கியும் உடனிருந்தவர்களும் 1948-இல் அந்த முடிவுகளை வெளியிட்டனர். கட்டியின் அளவு மட்டும் போதாது, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்பதையும் எண்ணால் குறிக்க வேண்டும் என்று கருதி அவர்கள் வகுத்ததுதான் 100-இலிருந்து 0 வரை இறங்கும் அந்த அளவுகோல். பிற்காலத்தில் அது யாருக்குக் கீமோதெரபி தரலாம் என்று சலித்தெடுக்கும் கருவியாக மாறியது. கீமோதெரபி நோயாளிக்கு நன்மை செய்ததா என்று கேட்பதற்காகவே அது உருவானது என்பது பலருக்கு மறந்துபோயிற்று.

தணிப்பு நோக்கில் தரப்படும் சிகிச்சைகளில் மிக நன்றாக ஆராயப்பட்டது எலும்பு வலிக்கான கதிர்வீச்சு. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும் இயல்புள்ளவை. பரவிய செல்கள் எலும்பைத் தாமே அரிப்பதில்லை. எலும்பில் இயல்பாகவே பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. புற்றுச் செல்கள் வெளியிடும் வேதிப்பொருட்கள் கரைக்கும் செல்களை மிகையாகத் தூண்டிவிட, அவை அமிலத்தைச் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. அந்த அமிலமும் அதைச் சூழ்ந்த அழற்சியும் எலும்பின் மேலுறையில் அடர்ந்திருக்கும் நரம்பு நுனிகளைச் சீண்டுவதும், அரிக்கப்பட்ட எலும்பு உடலின் எடையைத் தாங்காமல் நுண்ணிய அளவில் விரிசல் காண்பதும் சேர்ந்தே அந்த வலி உண்டாகிறது. படுத்திருக்கும்போது மந்தமாகவும் புரண்டாலோ எழுந்தாலோ சுரீரென்றும் இருக்கும் இவ்வலியில், அசைவின்போது எழும் பகுதியை மார்பினால் முழுவதுமாக அடக்குவது கடினம். அசைவுக்குப் போதுமான அளவு கொடுத்தால் ஓய்விலிருக்கும்போது நோயாளி தூக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறார். கதிர்வீச்சு இங்கே வலியின் மூலத்தையே தொடுகிறது. கட்டி சுருங்குவதற்கு வெகுமுன்பே சிலருக்கு ஓரிரு நாளில் வலி குறைந்துவிடுவதால், அது முதலில் பாதிப்பது அழற்சிச் செல்களையும் எலும்பைக் கரைக்கும் செல்களையுமே என்று கருதப்படுகிறது. முழுப்பலன் தெரிய நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

மக்கள் வழக்கில் கரண்ட் வைப்பது என்று சொல்லப்படும் இச்சிகிச்சையின் அளவைக் கிரே என்ற அலகால் குறிப்பார்கள். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது 1 கிரே. குணமாக்கும் நோக்கில் தரும்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கிரே வீதம் 30 அல்லது 35 நாட்களில் 60 முதல் 70 கிரே வரை சேர்ப்பது வழக்கம். மொத்தத்தையும் ஒரே நாளில் தராமல் இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. நரம்பு, சிறுநீரகம் போன்ற மெதுவாகப் புதுப்பிக்கப்படும் திசுக்கள், ஒவ்வொரு வேளையும் சிறிதளவு கதிர் பட்டால் இடைவேளையில் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. ஒரே வேளையில் பேரளவு பட்டால் அந்தச் சீரமைப்பு தோற்றுப்போய், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நிரந்தரச் சேதமாக வெளிப்படுகிறது. ஆண்டுகள் கழித்து வரும் சேதத்தைத் தவிர்க்க இன்று வாரக்கணக்கில் அலையச் சொல்வது, நெடுங்காலம் வாழப்போகும் ஒருவருக்கு முற்றிலும் நியாயமானது. ஆறு மாதமே வாழக்கூடியவருக்கு அதே நியாயம் செல்லுமா என்ற கேள்வியிலிருந்துதான் ஒரே வேளைக் கதிர்வீச்சு பற்றிய ஆய்வுகள் கிளைத்தன.

நெதர்லாந்தில் 1,171 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1999-இல் வெளியான ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், ஒரே வேளையில் தரும் 8 கிரேயையும் பல நாட்களுக்குப் பிரித்துத் தரும் 20 முதல் 30 கிரே வரையிலான அளவுகளையும் ஒப்பிட்டன. அவற்றுள் 16 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் எட்வர்ட் சௌவும் உடனிருந்தோரும் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே வேளை பெற்றவர்களில் 58 விழுக்காட்டினருக்கும் பல வேளை பெற்றவர்களில் 59 விழுக்காட்டினருக்கும் வலி குறைந்தது. வலி முற்றிலும் நீங்கியவர்கள் முறையே 23, 24 விழுக்காட்டினர். மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு நெருங்கிய ஒப்புமை அடிக்கடி கிட்டுவதில்லை. வேறுபாடு ஒன்றில் மட்டுமே தெரிந்தது: ஒரே வேளை பெற்றவர்களில் 20 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் அதே இடத்தில் மறுபடியும் கதிர்வீச்சு தரப்பட்டது. பல வேளை முறையை ஆதரிப்பவர்கள் இந்த எண்ணையே சான்றாகக் காட்டுவர். ஆனால் நெதர்லாந்து ஆய்வின் தரவுகளை மீண்டும் அலசியபோது, முதல்முறை குறைவாகக் கொடுத்திருக்கிறோம் என்ற நினைப்பில் மருத்துவர்கள் சிறிய வலிக்கும் மறுமுறை தர எளிதில் முன்வந்தது தெரியவந்தது. முதல்முறையே பேரளவு பெற்றவருக்கு மறுமுறை தர அவர்கள் தயங்கினார்கள். அந்த 20-க்கும் 8-க்கும் இடையிலுள்ள தூரத்தில் நோயின் பங்கு எவ்வளவு, மருத்துவரின் மனநிலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் ஒரே வேளை முறை பல நாடுகளில் மெதுவாகவே பரவியது. வேளைக்கு இவ்வளவு என்று பணம் கணக்கிடப்படும் இடங்களில் பத்து வேளை தருவது மருத்துவமனைக்கு ஆதாயம். பல வேளை தருவதே முழுமையான சிகிச்சை என்ற பயிற்சிப் பழக்கமும் அதற்குத் துணைபோகிறது. தமிழ்நாட்டைப் போல் கதிர்வீச்சுக் கருவிகள் நகரங்களில் குவிந்திருக்கும் மாநிலத்தில் இதன் பொருள் வெளிப்படையானது. முதுகெலும்பு வலியால் உட்கார முடியாத ஒருவரைத் தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து பத்து நாள் அழைத்து வருவதும், அதற்காகக் குடும்பத்தில் ஒருவர் கூலியை இழப்பதும், விடுதி வாடகைக்குக் கடன் வாங்குவதும் சிகிச்சை அட்டையில் எழுதப்படாத செலவுகள்.

ஆயினும் ஒரே வேளை முறையை எல்லோருக்கும் பொதுவான விதியாக்கிவிட முடியாது. கதிர்வீச்சு பெற்ற சில நாட்களுக்குள் மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வலி தற்காலிகமாகக் கூடுகிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை உடன் கொடுத்தால் இது ஓரளவு குறைகிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால், கரண்ட் வைத்ததால்தான் வலி முற்றிவிட்டது என்று குடும்பம் நம்பிவிடும். எலும்பு உடையும் தறுவாயில் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பு அறுவை மூலம் உலோகத் தண்டு பொருத்தித் தாங்குகோல் கொடுக்க வேண்டும்; கதிரால் வலி போகுமே தவிர, கரைந்த எலும்பு மறுபடி வலுப்பெற மாதங்களாகும். புதிய மருந்துகளால் சில வகைப் புற்றுநோயாளிகள் எலும்புக்குப் பரவிய பிறகும் ஆண்டுக்கணக்கில் வாழ்வதால், பிற்காலச் சேதத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற வாதமும் அவர்களுக்குச் செல்லாது. முதுகெலும்பை மட்டும் மிகத் துல்லியமாகக் குறிவைத்து இரண்டே வேளையில் 24 கிரே செலுத்தும் முறையை, வழக்கமான ஐந்து வேளை 20 கிரேயோடு ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் கழித்து வலி முற்றிலும் நீங்கியிருந்தவர்கள் 35 விழுக்காட்டினர். வழக்கமான முறையில் 14 விழுக்காட்டினர். உயர்தரக் கருவியும் தேர்ந்த இயற்பியலாளரும் நீண்ட திட்டமிடலும் தேவைப்படும் இம்முறை, நீண்ட ஆயுள் எதிர்பார்க்கப்படும் சிலருக்கே பொருந்தும்.

எலும்பு வலிக்கு நாட்கணக்கில் காத்திருக்கலாம். முதுகுத்தண்டு நசுங்கத் தொடங்கினால் மணிக்கணக்கே மிச்சம். முள்ளெலும்பில் வளரும் கட்டி தண்டுவடத்தை அழுத்தும்போது முதலில் முதுகு வலியும், பிறகு கால் தளர்ச்சியும், கடைசியாகச் சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழப்பும் தோன்றுகின்றன. கால்கள் செயலிழந்து ஓரிரு நாள் கடந்துவிட்டால் மீண்டும் நடப்பது அரிது. ஆதலால் முற்றிய நோய்தானே என்று எண்ணித் தாமதிக்கக் கூடாத அவசர நிலை இது. அமெரிக்காவில் ராய் பேட்செல் தலைமையில் 101 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தை அறுவையால் நீக்கிப் பிறகு கதிர்வீச்சு பெற்றவர்களில் 84 விழுக்காட்டினராலும் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினராலும் நடக்க முடிந்தது. அறுவையைத் தாங்கும் உடல்நிலை இல்லாதவர்களே பெரும்பான்மையினர் என்பதால், அவர்களுக்கு ஒரே வேளை 8 கிரே போதுமா என்பதை 686 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2019-இல் வெளியானது. எட்டு வாரம் கழித்து நடமாடக்கூடியவர்கள் ஒரே வேளைக் குழுவில் 69.3 விழுக்காடு, ஐந்து வேளைக் குழுவில் 72.7 விழுக்காடு. இரண்டும் நிகரே என்று அறிவிக்கப் புள்ளியியல் வகுத்திருந்த எல்லையை ஆய்வு நூலிழையில் தவறவிட்டது. ஆயினும் ஆயுள் மிகக் குறுகியவருக்கு ஒரே வேளையைத் தேர்ந்தெடுப்பதில் பிழையில்லை என்றே பல மருத்துவர்கள் அதைப் படித்தார்கள். தனியே நடந்து கழிவறைக்குப் போக முடிவதும் படுக்கையில் கிடப்பதும் எவ்வளவு வேறுபட்ட வாழ்க்கைகள் என்பதை இந்த விழுக்காடுகள் காட்டுவதில்லை.

இரத்தக் கசிவு மற்றோர் எடுத்துக்காட்டு. முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்களுக்கு விடாத உதிரப்போக்கும் துர்நாற்றமும் வலியைவிடப் பெரிய துன்பமாக இருப்பதுண்டு. நாற்றத்துக்கு அஞ்சி அவர்கள் வீட்டின் பின்கட்டுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு வேளைப் பேரளவுக் கதிர்வீச்சு பெரும்பாலும் சில நாட்களிலேயே கசிவை நிறுத்துகிறது. இரண்டு நாளில் நான்கு வேளையாக 14.8 கிரே கொடுத்து, நோயாளியின் நிலைக்கேற்பச் சில வார இடைவெளியில் மூன்று முறைவரை அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை முதலில் இடுப்புப் பகுதிக் கட்டிகளுக்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்டு, பின்னர் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கும் எடுத்தாளப்பட்டது. புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையின் தூளைத் தூவுவது போன்ற மலிவான வழிகளும் இதனுடன் சேர வேண்டும். கதிர்வீச்சுப் பிரிவும் தணிப்புப் பிரிவும் வெவ்வேறு கட்டடங்களில் ஒன்றையொன்று அறியாமல் இயங்கினால் நோயாளிக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

பலன் தராதவற்றைக் கைவிடுவதும் இதே அளவுகோலின் வேலை. நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவினால் மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு தருவது பல பத்தாண்டுகளாக ஐயமின்றிப் பின்பற்றப்பட்ட வழக்கம். அறுவைக்கோ துல்லியக் கதிர்வீச்சுக்கோ ஏற்றவர்கள் அல்லாத 538 நோயாளிகளில் பாதிப்பேருக்கு இதைக் கொடுத்தும், மறுபாதியினருக்கு ஸ்டீராய்டும் ஆதரவுச் சிகிச்சையும் மட்டும் கொடுத்தும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. கதிர்வீச்சு பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.2 வாரம், பெறாதவர்களின் ஆயுள் 8.5 வாரம், வாழ்க்கைத்தரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டபோதும் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை. முடி உதிர்வும் சோர்வும் மருத்துவமனைப் பயணமும் மட்டுமே உறுதியான விளைவுகளாக எஞ்சின.

கீமோதெரபியின் கதை இன்னும் சிக்கலானது. கதிர்வீச்சு ஓரிடத்தில் மட்டும் விழுகிறது. கீமோதெரபி உடல் முழுவதும் ஓடுகிறது, அதன் நச்சும் உடன் ஓடுகிறது. குமட்டல், வாய்ப்புண், தொற்று ஆகியவற்றை உண்டாக்கும் மருந்து துன்பத்தைத் தணிக்கவும் கூடும் என்பதை 1990-களில் இரண்டு ஆய்வுகள் மெய்ப்பித்தன. கனடாவில் இயன் டானக் குழுவினர், இயக்குநீர்ச் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் போன புராஸ்டேட் புற்றுநோயால் வலியுற்ற 161 பேரில் ஒரு பாதியினருக்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மட்டும், மறுபாதியினருக்கு அதனுடன் மைட்டோசான்ட்ரோன் என்ற மருந்தும் கொடுத்தனர். முதன்மை அளவாக அவர்கள் எடுத்துக்கொண்டது நோயாளியே குறித்துச் சொன்ன வலி. மைட்டோசான்ட்ரோன் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் வலி குறைந்தது. ஆயுளில் வேறுபாடே இல்லை. அந்த வலித் தணிவை மட்டுமே சான்றாக ஏற்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 1996-இல் அம்மருந்தைப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அங்கீகரித்தது. மறுஆண்டு வெளியான கணையப் புற்றுநோய் ஆய்வு, வலி, வலிமருந்தின் தேவை, நடமாடும் திறன், உடல் எடை ஆகியவற்றைச் சேர்த்து நோயாளி அடையும் நன்மைக்கு ஒரு வரையறையை வகுத்துக்கொண்டது. ஜெம்சிட்டபின் என்ற புதிய மருந்து பெற்றவர்களில் 23.8 விழுக்காட்டினரும் பழைய மருந்து பெற்றவர்களில் 4.8 விழுக்காட்டினரும் அந்த நன்மையை அடைந்தனர். அதன்பின் வந்த மருந்துகளில் பெரும்பாலானவை, கட்டி வளராமல் எத்தனை வாரம் நின்றது என்ற அளவைக் கொண்டே சந்தைக்கு வந்தன. நோயாளியின் வலியைக் கேட்டு எழுதும் வழக்கம் ஏன் இவ்வளவு விரைவில் பின்னுக்குப் போயிற்று என்பது மருந்துத் தொழிலைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

இந்தியச் சூழலுக்கு நெருக்கமான விடை மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. புகையிலை, பாக்கு ஆகியவற்றின் விளைவாக வாய்ப்புற்றுநோய் இந்தியாவில் மிகப் பரவலானது. குணமாக்க இயலாத கட்டத்தில் வருபவர்களும் அதே அளவில் மிகுதி. அவர்களுக்கு நிலையான மருந்தாக இருந்த சிஸ்பிளாட்டினை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிரை வழியே ஏற்ற வேண்டும். நிறைய திரவமும் சிறுநீரகக் கண்காணிப்பும் படுக்கையும் தேவை. டாட்டா மருத்துவர்கள் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் நாளுக்கு இருவேளை செலிகாக்சிப் மாத்திரையும் கொண்ட, வீட்டிலிருந்தே விழுங்கக்கூடிய குறைந்த அளவுச் சிகிச்சையை அதனோடு ஒப்பிட்டனர். பேரளவு மருந்தை இடைவெளி விட்டுத் தருவதற்கு மாறாக, குறைந்த அளவை இடைவிடாமல் தொடர்ந்து தரும் இம்முறை தாளமுறைக் கீமோதெரபி எனப்படும். புற்றுச் செல்களை நேராகக் கொல்வதைவிட, கட்டிக்கு உணவளிக்கும் புதிய இரத்த நாளங்கள் உருவாகாமல் தடுப்பதே இதன் செயல்முறை என்று கருதப்படுகிறது. செலிகாக்சிப் மூட்டுவலிக்குத் தரப்படும் மாத்திரையும்கூட. 422 நோயாளிகளைக் கொண்ட இந்த ஆய்வு 2020-இல் வெளியானபோது, மலிவான மாத்திரை ஊசிமருந்துக்கு நிகராவது காட்டப்பட்டால் போதும் என்றிருந்த எதிர்பார்ப்பை அது மிஞ்சியது: மாத்திரை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.5 மாதம், சிஸ்பிளாட்டின் பெற்றவர்களின் ஆயுள் 6.1 மாதம், கடுமையான பக்கவிளைவுகள் முறையே 19, 30 விழுக்காட்டினருக்கு நேர்ந்தன.

அதே மருத்துவமனை இதன்மேல் எர்லோட்டினிப் மாத்திரையைச் சேர்த்து, பிறகு நிவோலுமாப் என்ற தடுப்பாற்றல் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் கூட்டிக் கொடுத்துப் பார்த்தது. 151 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்களின் பங்கு 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தது. முழு அளவு நிவோலுமாபின் விலையை ஏற்கக்கூடிய இந்தியக் குடும்பங்கள் மிகச் சிலவே. காப்புரிமை தீர்ந்த மருந்தையோ விற்பனையைப் பத்திலொன்றாகக் குறைக்கும் அளவையோ ஆராய மருந்து நிறுவனத்துக்கு ஆதாயம் இல்லாததால், இத்தகைய ஆய்வுகள் அரசு சார்ந்த மருத்துவமனைகளிலிருந்தே வர வேண்டியிருக்கிறது.

படுக்கையோடு கிடப்பவருக்குப் புற்றுநோய் மருந்து தரக் கூடாது என்ற விதிக்கும் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் காணப்படும். ஐரோப்பியரைவிட ஆசியரிடம் இது அதிகம். கீமோதெரபியைத் தாங்க முடியாத நிலையிலிருந்த, இந்த மாற்றமுள்ள 30 நோயாளிகளுக்கு ஜப்பானிய மருத்துவர்கள் ஜெஃபிடினிப் மாத்திரை கொடுத்து 2009-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 79 விழுக்காட்டினரின் நடமாடும் திறன் மேம்பட்டது. பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தவர்களில் பலர் எழுந்து தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலைக்குத் திரும்பினர். ஆகவே தணிப்புப் பிரிவுக்கு ஒருவரை மாற்றும் முன் அந்த மரபணுச் சோதனை செய்யப்பட்டதா என்று பார்ப்பது தணிப்பு மருத்துவரின் கடமையாகிறது. சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் போன்றவையும் கீமோதெரபிக்கு விரைந்து கட்டுப்படுபவை. மேற்பெருஞ்சிரை அழுத்தப்பட்டு முகம் வீங்கி மூச்சுத் திணறும் நிலையிலும் அவற்றில் மருந்து சில நாளில் விடுவிப்பைத் தரக்கூடும். எந்தப் புற்றுநோய், எந்த மருந்துக்கு, எத்தனை நாளில் இணங்கும் என்ற அறிவு இல்லாமல் தணிப்புச் சிகிச்சை செய்ய இயலாது.

இவ்வளவையும் நோயாளி எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது வேறு கேள்வி. குணமாக்க இயலாத நிலையில் கீமோதெரபி பெற்றுவந்த 1,193 அமெரிக்க நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 விழுக்காட்டினரும் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 விழுக்காட்டினரும், அம்மருந்து தம்மைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதை உணர்ந்திருக்கவில்லை. ஒளிவுமறைவின்றிப் பேசுவதைச் சட்டமும் பழக்கமும் வலியுறுத்தும் நாட்டிலேயே நிலைமை இது. அப்பாவுக்கு எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று பிள்ளைகள் மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்டுக்கொள்ளும் நம் சூழலில், தணிப்புக்காகத் தரப்படும் ஊசி குணமாக்குவதற்கே என்று நம்பி நோயாளி அதன் துன்பங்களைப் பொறுத்துக்கொள்வது இன்னும் எளிதில் நேரும். மருத்துவர்களின் கணிப்பும் நம்பிக்கைக்குரியதாக இல்லை. சிகாகோவில் நிக்கலஸ் கிறிஸ்டாக்கிஸும் எலிசபெத் லாமண்டும் 468 நோயாளிகளைப் பற்றி 343 மருத்துவர்கள் முன்கூட்டிச் சொன்ன ஆயுளைப் பின்னர் உண்மையோடு ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்டபோது, மருத்துவர்கள் சராசரியாக ஐந்து மடங்குக்கும் மேல் கூட்டிச் சொல்லியிருந்தது தெரிந்தது. பலன் தெரிய நான்கு வாரம் வேண்டிய கதிர்வீச்சைப் பத்து நாளே வாழப்போகும் ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் தவறு இங்கிருந்துதான் வருகிறது.

இறுதி மாதங்களில் தரப்படும் கீமோதெரபி, தளர்ந்துபோனவர்களுக்குப் பயனில்லாவிட்டாலும் ஓரளவு தெம்பாக இருப்பவர்களுக்காவது உதவும் என்று கருதப்பட்டு வந்தது. ஹாலி பிரிகர்சன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தைக் குலைத்தது. தெம்பாக நடமாடிக்கொண்டிருந்தவர்களில், கீமோதெரபி பெற்றவர்களின் கடைசி வார வாழ்க்கைத்தரம் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. இழப்பதற்கு ஏதேனும் மிச்சமிருந்தவர்களே அதை இழந்தார்கள்.

இதற்கு மாற்றாக, தணிப்புக் குழுவை முதலிலிருந்தே உடன் வைத்துக்கொள்ளும் முறையைப் பாஸ்டனில் ஜெனிஃபர் டெமெல் சோதித்தார். பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரில், வழக்கமான சிகிச்சையோடு தணிப்புக் குழுவையும் சந்தித்துவந்தவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது. மனச்சோர்வு மற்றவர்களில் 38 விழுக்காட்டினருக்கு இருக்க, இவர்களில் 16 விழுக்காட்டினருக்கே இருந்தது. இறுதிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சை பெற்றவர்கள் அவர்களுள் குறைவு. ஆனாலும் அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களின் ஆயுள் 8.9 மாதம். 2010-இல் வெளியான இந்த ஆயுள் வேறுபாட்டைப் பிற்கால ஆய்வுகள் எல்லாமே உறுதிசெய்யவில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விடுவதே நல்லது. இரண்டையும் சேர்த்துத் தந்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் அடிப்படையற்றது என்பதற்கு இது போதும்.

ஆனால் அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டில் 1982-இல் சேர்க்கப்பட்ட இறுதிக்காலப் பராமரிப்புச் சலுகை, ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று மருத்துவர் சான்றளித்த நோயாளி, நோயை எதிர்க்கும் சிகிச்சையைத் துறந்தால்தான் கிடைக்கும். பராமரிப்பு நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையே தரப்படுவதால், எலும்பு வலிக்கு ஒரு வேளைக் கதிர்வீச்சுக்கு அனுப்பினால்கூட அதன் செலவை அந்த நிறுவனம் தானே ஏற்க வேண்டும். காலத்தை இரண்டாக வெட்டும் பழைய எண்ணம் இவ்வாறு சட்டமாகவே உறைந்துபோயிற்று. குழந்தைகளுக்கு மட்டும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிபந்தனையைத் தளர்த்தியது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் இந்தக் கட்டுப்பாடு இல்லாததால், அங்கே இரண்டையும் ஒருசேரப் பெற்ற முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்து வின்சென்ட் மோரும் உடனிருந்தோரும் 2019-இல் எழுதினர். இறுதிக்காலப் பராமரிப்பைத் தாராளமாக வழங்கிய மருத்துவமனைகளில் கதிர்வீச்சும் கீமோதெரபியும் தொடர்ந்து பெற்றவர்கள் அதிகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி நாட்களைக் கழித்தவர்களும் மொத்தச் செலவும் குறைவு.